டார்ட் சிக்காமல் இருக்க ஒரு நொடி பொறுங்கள்

நெர்ஃப் ரைனோ-ஃபயர் மாதிரி மோட்டார் வைத்த, ஃபோம் டார்ட் (மென்மையான நுரைக் குண்டு) சுடும் பெரிய பொம்மைத் துப்பாக்கியில் முதலில் மோட்டார் விசையை மட்டும் அழுத்துங்கள். சத்தம் ஏறி ஒரே சீராக நின்ற பிறகு சுடும் விசையைத் தொடுங்கள். உள்ளே எதிரெதிராகச் சுழலும் சக்கரங்கள்தான் டார்ட்டைக் கவ்வி எறிகின்றன. அவை வேகம் பிடிக்கும் முன் டார்ட் நுழைந்தால் காலடியிலேயே விழும், இல்லையென்றால் நடுவில் சிக்கும். சிக்கித் திணறும் மோட்டார் பேட்டரியை வேகமாகத் தீர்த்துவிடும். 6 பெரிய டி பேட்டரி வாங்கிப் போடுவது சின்னச் செலவில்லை.

கசங்கிய டார்ட்டுக்கு இது உதவாது, அதை ஒதுக்கிவிடுங்கள். நெர்ஃப் ஸ்டாம்பீடு துப்பாக்கி போல மோட்டார் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டுக் காற்றால் தள்ளும் வகைக்கும் இது தேவையில்லை.