விருந்துக்கு முன்பே பொரித்து வைக்கும் வெங்காயம்

பிரியாணி மேல் தூவும் பொரித்த வெங்காயத்தை விருந்தன்று செய்யாதீர்கள். அரை மணி நேரம் அதற்கே போய்விடும். இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிடலாம். பெரிய வெங்காயத்தை ஒரே கனத்தில் மெல்லிசாக நறுக்கி, உதிர்த்து, துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். மிதமான தீயில் கிளறிக்கொண்டே பொரியுங்கள். வெளிர் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் அந்தச் சூட்டிலேயே நிறம் ஏறும். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று காத்திருந்து ஒரு சட்டி வெங்காயத்தையும் கசக்க விட்டவள் நான். தட்டில் பரப்பி, நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமத்துவிடும். அப்புறம், அந்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். குருமா தாளித்தால் தெருவே மணக்கும். முந்திரியையும் முன்பே வறுத்து வைக்கலாம். கொத்தமல்லியை மட்டும் அன்றைக்கே நறுக்குங்கள்.