என்8என் பேக்கப் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் எனக்குத் தெரிந்த ஹோம்ஸ்டே, தேயிலை ஃபேக்டரி சிலவற்றில் மூலையில் ஒரு சின்ன சர்வரில் என்8என் ஓடுகிறது; மெசேஜ் அனுப்புவது போன்ற வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் சாஃப்ட்வேர் அது. அதைப் பார்த்துக்கொள்ள வரும் புதுப் பையன்களுக்கு டெர்மினலில் எக்ஸ்போர்ட் கட்டளை அடிக்கத் தெரிகிறது. கட்டளையில் எழுத்துப்பிழை விட்டால் அதுவே சொல்லிவிடும், அதை விடுங்கள். சத்தமே போடாத தவறுகள்தான் ஆபத்து.

ஃப்ளோ வந்தது, சாவி வரவில்லை

வொர்க்ஃப்ளோவை (எந்த வேலைக்குப் பின் எது என்று நாம் அமைக்கும் வரிசை; சுருக்கமாக ஃப்ளோ) எக்ஸ்போர்ட் செய்தால் வரும் ஜேசன் கோப்பில் நோடுகள் என்கிற படிகள், அவற்றின் இணைப்புகள் எல்லாம் இருக்கும். கிரெடென்ஷியலுக்கோ, அதாவது மற்ற சேவைகளுக்குள் நுழையும் பாஸ்வேர்டு, டோக்கன்களுக்கோ, பெயரும் ஐடியும் மட்டும்தான். அதற்குத் தனிக் கட்டளை உண்டு. அதை ஓட்டினாலும் என்க்ரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடிதான் வரும். திறக்கும் சாவியை நாம் கொடுக்காவிட்டால், என்8என் முதல்முறை ஸ்டார்ட் ஆகும்போது தானே ஒன்றை உருவாக்கி, தன் ஃபோல்டரில் கான்ஃபிக் கோப்புக்குள் போட்டுக்கொள்ளும். எந்த எக்ஸ்போர்ட்டிலும் அது வராது.

கோத்தகிரி பக்கம் ஒரு ஃபேக்டரி. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டதும் கிலோ கணக்கு அவர்கள் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும். ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் டிஸ்க் செத்துவிட்டது. "பேக்கப் பென்டிரைவில் பத்திரமா இருக்கு சார்" என்றான் பையன். புது மெஷினில் இம்போர்ட் செய்தோம், ஃப்ளோ அத்தனையும் வந்தது. ஓட்டினால், கிரெடென்ஷியலைத் திறக்க முடியவில்லை என்று எர்ரர். புது மெஷின் தனக்கென்று புதுச் சாவி செய்துகொண்டுவிட்டது. பழையது டிஸ்க்கோடு போயிற்று.

சரி, எஸ்எம்எஸ் டோக்கனைப் புதிதாக எடுக்கலாம் என்றால், அந்த அக்கவுண்ட் வேலையை விட்டுப்போன ஒருவர் நம்பரில் இருந்தது. ஓடிபி அவருக்குத்தான் போகும், அவர் போனை எடுக்கவில்லை. அதுவரை எடைச்சீட்டைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கான்ஃபிக் கோப்பிலிருந்த ஒரு வரியைக் காப்பி செய்து வைத்திருந்தால் அரை மணி நேர வேலை அது.

ஏற்கனவே ஓடுகிற சர்வர் என்றால் அந்த வரியை இன்றைக்கே எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஃப்ளோ இருக்கும் அதே பென்டிரைவில் வேண்டாம். புது மெஷினில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே அதே சாவியை என்வைரன்மென்ட் வேரியபிளாக (ஸ்டார்ட் ஆகும்போது என்8என் படிக்கும் செட்டிங்) கொடுத்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்துவிட்டு அப்புறம் மாற்றினால், கான்ஃபிக்கில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று என்8என் கிளம்பவே மறுக்கும்.

டீக்ரிப்டட் ஆப்ஷன்

கிரெடென்ஷியல் எக்ஸ்போர்ட் கட்டளையில் இதைக் கொடுத்தால் என்க்ரிப்ட் ஆகாமல், பாஸ்வேர்டு எல்லாம் அப்பட்டமாக ஒரே கோப்பில் வரும். கோடு சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கன்டெய்னருக்குள் பேக்கப்

டாக்கர், சாஃப்ட்வேரைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி. அதில் என்8என் ஓட்டுபவர்கள் எக்ஸ்போர்ட் செய்யும் கோப்பு கன்டெய்னருக்குள்தான் விழும். அப்டேட்டுக்காகக் கன்டெய்னரை அழித்துப் புதிதாக எழுப்பினால் பேக்கப்பும் சேர்ந்து போகும். வால்யூமில் (கன்டெய்னர் அழிந்தாலும் நிற்கும் சேமிப்பிடம்) எழுதுங்கள், அல்லது உடனே வெளியே காப்பி செய்யுங்கள்.

அதே ஃபோல்டரில் மறுபடியும்

ஃப்ளோ எக்ஸ்போர்ட் கட்டளையில் பேக்கப் ஆப்ஷன் கொடுத்தால் ஒவ்வொரு ஃப்ளோவும் தனிக் கோப்பாக வரும். நல்லதுதான். ஆனால் சர்வரில் நீங்கள் அழித்த ஃப்ளோவின் பழைய கோப்பு ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். இம்போர்ட் செய்யும்போது அதுவும் உயிர்த்தெழும். தேதி போட்டுத் தனித்தனி ஃபோல்டர் வையுங்கள்.

ஓடுகிற சர்வரில் இம்போர்ட்

ஐடி ஒன்றாக இருந்தால், சர்வரில் இருக்கும் ஃப்ளோவைக் கேட்காமலே மேலெழுதிவிடும்.