தையிலும் வாடாத நிழல் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் பல வீடுகளைச் சுற்றி ரப்பர்தான் நிற்கும். ஆனி, ஆடி மழையில் அதன் கீழே பகலிலேயே இருட்டு. நல்ல நிழலாச்சே என்று அக்லோனிமா என்ற இலையழகுச் செடியையும் பெரணியையும் அங்கே நட்டுவிடுகிறோம். நான் பார்த்ததில் பெரிய தவறு இதுதான். மார்கழி வாக்கில் ரப்பர் இலை பழுத்து உதிரத் தொடங்கும். தையில் மரம் மொட்டை. தளிர் விரிந்து மறுபடி நிழல் கட்ட மாசி ஆகிவிடும். மழையும் ஓய்ந்த அந்த வாரங்களில் உச்சிவெயில் நேராகச் செடிமேல் இறங்கும். அக்லோனிமா இலையில் முதலில் வெளிறிய திட்டு ஒன்று தெரியும். சில நாளில் அது காகிதம்போல் காய்ந்து, விரல் பட்டால் நொறுங்கும். நோய் என்று நினைத்து மருந்து அடிக்க வேண்டாம். அது வெயில் சுட்ட புண். அந்த இடம் திரும்பப் பச்சையாகாது.

அதனால் மழைக்காலத்து நிழலை நம்பி இடம் முடிவு செய்யாதீர்கள். தை மாத மதியம் ஒருமுறை போய் நின்று பாருங்கள். பலா, அயனி (காட்டுப் பலா வகை), மா மரங்களின் மூட்டில், அதாவது அடியில், அப்போதும் நிழல் இருக்கும். ரப்பர் மட்டும்தான் உண்டென்றால் அங்கே மருள் (பாம்புச்செடி) வையுங்கள், அது வெயிலையும் தாங்கும். மற்றதைத் தொட்டியில் வளர்த்து, மார்கழியில் வீட்டின் வடக்குச் சுவரோரம் மாற்றிவிடலாம். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் காலம், அங்கே நிழல் விழும்.

அடுத்தது கலாடியம் என்ற வண்ண இலைக் கிழங்குச் செடி. நிறத்துக்கு ஆசைப்பட்டுத் தோட்டம் முழுக்க அதையே வைத்தால் தையில் வெறும் மண்தான் மிஞ்சும். மஞ்சளும் கச்சோலமும் மடிவதுபோல இதுவும் மடிந்து உறங்கும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிவதும் தவறு, எழுப்பப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல இருந்தால் உயிர் இருக்கிறது. மண்ணை ஈரமாக்காமல் விடுங்கள், கோடைமழைக்கு முளைக்கும். கொழகொழவென்றால் அழுகிவிட்டது. இடையிடையே மணி பிளாண்ட், பெரணி, பிலோடென்ட்ரான் இருந்தால் வெற்றிடம் தெரியாது.

முற்றம் பெருக்குகிற கையோடு மரத்தடியையும் பெருக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அந்தச் சருகை விட்டுவையுங்கள். மூடாத செம்மண் தையில் ஓடுபோல இறுகிவிடும். செடியின் குருத்தை மட்டும் மூடாமல் பார்த்தால் போதும்.

பொங்கல் விடுமுறையில் நடுவதையும் தவிர்க்கலாம். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. ஆனியில் நட்டால் ஐப்பசி மழையும் சேர்ந்து வேரை ஆழமாக இறக்கிவிடும். தையில் நட்ட செடிக்கு மாசி முழுக்க நீங்கள்தான் குடம் சுமக்க வேண்டும்.

தென்னையின் அடியை ஒட்டிக் குழி தோண்ட வேண்டாம், வேர் வெட்டுப்படும். அப்புறம், குழந்தைகளும் ஆடும் நடமாடும் வீட்டில் டிஃபன்பாக்கியா என்ற இலையழகுச் செடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அந்த இடத்தில் அயனி மரத்தில் ஒரு நல்லமிளகுக் கொடியை ஏற்றிவிடுங்கள். வருஷம் முழுக்கப் பச்சை, மிளகும் கிடைக்கும்.