எம்.ஏ. அரசியல், சர்வதேச உறவு, டெவலப்மென்ட்: சேரும் முன்பே சறுக்கும் இடங்கள்

வருடா வருடம் மே மாதம் ரிசல்ட் வந்த கையோடு எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். "அண்ணா, டிகிரி முடிச்சிட்டேன். ஐ.ஆர். (சர்வதேச உறவு) எடுக்கலாமா, டெவலப்மென்ட் ஸ்டடீஸ் எடுக்கலாமா?" இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்பேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் பதில் வரும்: "ஐ.ஆர்.னா எம்பசி வேலை, டெவலப்மென்ட்னா என்.ஜி.ஓ. வேலை." இந்தத் துறைகளில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒரு வரியில்தான் முளைக்கிறது. மே மாதத்தில் கேட்பதே ஒரு தவறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வித்தியாசம். ராமேஸ்வரத்திலிருந்து போன ஒரு விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் அறிவியல் படிப்பவர், கச்சத்தீவு ஏன் தேர்தல் நேரத்தில் மட்டும் இவ்வளவு பெரிதாகிறது, வெளியுறவு முழுக்க ஒன்றிய அரசின் கையில் இருக்கும்போது ஒரு மாநில முதல்வர் கடிதம் எழுதுவதைத் தாண்டி என்ன செய்ய முடியும் என்று கேட்பார். சர்வதேச உறவு படிப்பவர் 1974, 1976 ஒப்பந்தங்களை எடுத்து வைத்துக்கொண்டு கடல் எல்லையிலிருந்து ஆரம்பிப்பார். டெல்லி கொழும்பிடம் எவ்வளவு அழுத்திப் பேச முடியும், ஏன் அதற்கு மேல் பேசாது என்று பார்ப்பார். டெவலப்மென்ட் படிப்பவர் படகுக்குள்ளேயே இறங்கிவிடுவார். கடன் யார் பெயரில் இருக்கிறது? இழுவைமடியை (கடலடியை வாரி இழுக்கும் வலையை) விட்டால் அந்தக் குடும்பம் எதை வைத்துப் பிழைக்கும்? இலங்கை 2017-ல் இழுவைமடிக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்த அதே வருடம், நம் பக்கம் ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறச் சொல்லி ஒரு திட்டம் வந்ததே, அது ஏன் தடுமாறியது? வலை அறுபட்ட மன்னார், யாழ்ப்பாண மீனவரின் நஷ்டத்தை யார் கணக்கு எழுதுவது?

படகு ஒன்றுதான், கேள்விகள் மூன்று விதம். இதில் எதைப் படிக்கும்போது "சரி, மேலே சொல்லு" என்று தோன்றியதோ, அந்தப் பக்கம் போங்கள். எம்பசி, என்.ஜி.ஓ. எல்லாம் அப்புறம்.

அடுத்த சறுக்கல், படிப்பின் பெயரை நம்புவது. ஒரே பெயரில் ஓடும் இரண்டு எம்.ஏ.க்களுக்கு உள்ளே சம்பந்தமே இருக்காது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யூ.) சர்வதேசக் கல்விப் பள்ளி 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-ல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதனால் அங்கே சர்வதேச உறவு என்றால் கோட்பாட்டோடு பிராந்திய ஆய்வும் கனமாக இருக்கும். மேற்காசியா, ரஷ்யா, தெற்காசியா என்று மையம் மையமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் பொது நிர்வாகமும் ஒரே துறை. பாதுகாப்பு, உத்தி சார்ந்த படிப்பு தனித் துறை. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் அரசியலையும் சர்வதேச ஆய்வையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. டெவலப்மென்டில் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல். திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தில் கிராம மேம்பாடு படிப்பதும் ஐ.ஐ.டி. மெட்ராஸில் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் படிப்பதும் வேறு வேறு அனுபவங்கள்.

ஆகவே பெயரை விட்டுவிட்டுப் பாடப்பட்டியலை இறக்கிப் பாருங்கள். புள்ளியியல் கட்டாயமா, விருப்பப் பாடமா? களப்பணி எத்தனை வாரம்? ஆய்வேடு உண்டா, இல்லையென்றால் அதற்குப் பதில் இரண்டு தேர்வுகளா? கணக்குக்குப் பயந்து பி.ஏ. பக்கம் வந்து, டெவலப்மென்ட் என்றால் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசுவதுதான் என்று நம்பிச் சேர்ந்த ஒரு பெண் முதல் செமஸ்டரிலேயே ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கில் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்து அழுதாள். பாடப்பட்டியலில் அது மூன்றாவது வரியில் இருந்தது. (இரண்டாம் செமஸ்டரில் அந்தத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள். பயம் வேறு, திறமை வேறு.)

இப்போது எம்பசிக்கு வருவோம். இந்திய வெளியுறவுப் பணிக்குப் போக சர்வதேச உறவில் எம்.ஏ. தேவையில்லை. யூ.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வுதான் வழி. ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் இருந்தால் எழுதலாம். மெயின்ஸில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவும் சேர்ந்த விருப்பப் பாடம் ஒன்று உண்டு. இரண்டு தாள், 500 மதிப்பெண். அதை இன்ஜினீயர்களும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எம்.ஏ. படித்தால் அந்தப் பாடம் ஆழமாகப் பிடிபடும், உண்மை. ஆனால் தேர்வுக்காக மட்டும் எம்.ஏ. சேர்ந்தவர்கள் பலர் வகுப்பில் கவனமில்லாமல், ஆய்வேட்டைக் கடமைக்கு எழுதி, தேர்விலும் முழுசாக இறங்காமல் இரண்டு வருடத்தைக் கரைத்ததைப் பார்த்திருக்கிறேன். எது முதன்மை என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐ.நா. கனவுக்கும் இதே கதைதான். ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ வாடகை கொடுத்துத் தங்குவது உங்கள் பொறுப்பு. நிரந்தரப் பணியின் கீழ்ப்படியான பி-2 பதவிக்கே பொதுவாக முதுகலையோடு இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். டிகிரி முடித்தவுடன் கையில் வேலையோடு யாரும் வாசலில் நிற்பதில்லை. இங்கேயே மாவட்ட அளவில் ஓடும் ஒரு திட்டத்தில் இரண்டு வருடம் தகவல் சேகரித்து, அறிக்கை எழுதிப் பழகியவருக்குத்தான் பின்னால் வழி கொஞ்சம் திறக்கிறது. அப்படியே பிரெஞ்சும் கற்றுக்கொண்டால் நல்லது.

யாரும் சொல்லித்தராத ஒன்றுக்கு வருகிறேன்: பட்டத்தில் அச்சாகும் பாடப்பெயர். கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் துளியாவது இருந்தால் இதை இருமுறை படியுங்கள். அதற்குத் தகுதி தரும் யு.ஜி.சி. நெட் தேர்வில் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் என்று தனிப் பாடம் இல்லை. அது பொருளாதாரத்தின் கீழ் வருகிறது. அதாவது, இரண்டு வருடம் வாழ்வாதாரம், பாலினம், நிலவுரிமை என்று படித்தவர் கடைசியில் நுண்பொருளியலையும் பேரியல் பொருளியலையும் கரைத்துக் குடித்த எம்.ஏ. எகனாமிக்ஸ் மாணவரோடு போட்டி போட வேண்டும். சர்வதேச, பிராந்திய ஆய்வுக்கு நெட்டில் தனிப் பாடம் இருக்கிறது. அதில் தேறியவர் அரசியல் அறிவியல் காலியிடத்துக்குப் போகும்போது, பாடப்பெயர் பொருந்துகிறதா என்ற கேள்வி வரும். தமிழ்நாட்டில் ஒரு பட்டம் இன்னொன்றுக்கு இணையா இல்லையா என்று உயர்கல்வித் துறை அரசாணை போடும். தேர்வு வாரியங்கள் அதைத்தான் பார்க்கும். உங்கள் பேராசிரியர் "ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்று சொன்னது சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் செல்லாது. சேரும் முன்பே அந்தப் பட்டத்துக்கு அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படியே முதுகலையில் 55 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 சதவீதம் இல்லாமல் நெட் தகுதி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். பாஸானால் போதும் என்று படிக்கிற எம்.ஏ. இல்லை இது.

வெளிநாடு போகிறவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு. பிரிட்டனில் எம்.ஏ., எம்.எஸ்சி. பெரும்பாலும் ஒரே வருடம். சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷப்படுகிறோம். செப்டம்பரில் போய் இறங்கி, குளிருக்குக் கோட்டு வாங்கி, வங்கிக் கணக்குத் திறப்பதற்குள் நவம்பர் வந்துவிடும். பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும் காலமும் அதுதான். உங்களை இரண்டு முறை மட்டுமே பார்த்த பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டிய நிலை. ஆய்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இரண்டு வருடப் படிப்பே மேல் என்பது என் கட்சி. ஒரு வருடப் பட்டம் இந்தியாவில் செல்லுமா என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். 2022 ஜூலையில் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் கவலை குறைந்துவிட்டது. கவலைப்பட வேண்டியது விசா கணக்கைப் பற்றித்தான். படிப்பு முடிந்து தங்கி வேலை தேடும் அனுமதி இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். இரண்டு வருடத்தை நம்பிக் கல்விக்கடன் தவணை போட்டவர்கள் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும். 2024 ஜனவரி முதல் இந்த வகைப் படிப்புக்குப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ சார்பு விசாவில் அழைத்துப் போகவும் முடியாது.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குச் செமஸ்டருக்கு 1500 யூரோ. அதைவிட முக்கியமான விஷயம், இளநிலையில் என்ன படித்தீர்கள் என்பது. பி.இ. முடித்தவர் இந்தியாவில் எம்.ஏ. அரசியலுக்குத் தாராளமாகப் போகலாம். அங்கே பல படிப்புகள் இளநிலையிலேயே சமூக அறிவியலில் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்தால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் நிராகரிப்புதான். சான்றிதழைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். நடைமுறையும் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அதற்கான காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காலர்ஷிப்பில் பெரிய ஏமாற்றம், பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங். மூன்றாம் வருடம் படித்துக்கொண்டே அதற்குத் தயாராகிறேன் என்பார்கள். அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் வேண்டும். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு வருடமாவது இருந்தாக வேண்டும். அங்கேயே தங்கிவிட நினைப்பவருக்கு இது தோதுப்படாது. இடையில் ஏஜென்ட் ஒருவர் வந்து இலவசமாக எல்லாம் செய்து தருகிறேன் என்பார். உங்களிடம் வாங்காத பணத்தை அவர் பல்கலைக்கழகத்திடம் கமிஷனாக வாங்குகிறார். அதனால் அவர் நீட்டும் பட்டியலில் அவருக்குக் கமிஷன் தராத நல்ல இடங்கள் இருக்காது.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுக்கும் எஸ்.ஓ.பி. பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய முதல் எஸ்.ஓ.பி. "சிறு வயதிலிருந்தே உலக அரசியலில் எனக்கு ஆர்வம்" என்று ஆரம்பித்தது. மூன்று இடங்களிலும் நிராகரித்தார்கள். இப்போது அடுத்தவர் எழுதியதைப் படிக்கும்போதுதான் அது எவ்வளவு வெறுமையான வரி என்று தெரிகிறது. போன வருடம் மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு பையன் தன்னுடையதை அனுப்பினான். "இந்தியா வளர்ந்து வரும் வல்லரசு" என்று முதல் பத்தி. நான்காம் பத்தியில் ஓர் ஓரமாக, மாமாவின் படகு பிடிபட்டபோது அதை மீட்க அலைந்த நாட்களில் தேவைப்பட்ட ஆவணங்களையெல்லாம் அவனே மொழிபெயர்த்துக் கொடுத்ததாக ஒரு வரி. அந்த வரியை மேலே ஏற்றச் சொன்னேன். எந்த ஆவணம், எந்த மொழியில், எந்த இடத்தில் இரண்டு அரசுகளின் காகிதங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று எழுத வைத்தேன். வல்லரசுப் பத்தியைத் தூக்கிவிட்டோம். "அது நல்லாத்தானே இருந்துச்சு" என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இனி மே மாத விவகாரம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் முன்பு பிளஸ் டூ முடித்து நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் ஐந்து வருட எம்.ஏ. இருந்தது, இப்போது இருப்பது இரண்டு வருட எம்.ஏ., அதற்கு இன்ஜினீயர்கள் எழுதும் அதே கேட் தேர்வு. கலை மாணவருக்கும் கேட்டில் எக்ஸ்.ஹெச். என்று ஒரு தாள் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அதற்கு விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில். செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடும். ஜே.என்.யூ., புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யூ.இ.டி. முதுகலைத் தேர்வுக்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. அதாவது இரண்டாம் வருட இறுதித் தேர்வு முடிந்த விடுமுறையிலேயே பாடப்பட்டியல்களை இறக்கிப் பார்க்கத் தொடங்க வேண்டும். மூன்றாம் வருட ரிசல்ட் வந்த பிறகு கூப்பிடுகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களும் சென்னைக் கல்லூரிகளும் மிச்சம் இருக்கும். அவற்றில் நல்ல துறைகளும் உண்டு. அதனால் அவர்களிடம், "எந்தக் கல்லூரின்னு அப்புறம் பார்ப்போம், முதல்ல சிலபஸ் பி.டி.எஃப்.பை அனுப்பு" என்பேன். பாதிப் பேர் அனுப்புவதில்லை.