வான்கதவு எத்தனை, எவ்வளவு? வெள்ளச் செய்தியைச் சரிபார்க்கும் முறை

மாரியில் மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளம் நிரம்ப முன்னமே வட்சப் நிரம்பிவிடும். குளத்தின் மேலதிக நீரை வெளியேற்றும் கதவுதான் வான்கதவு. "வான்கதவு திறந்தாச்சு" என்று மூன்று பேர் அனுப்பினால் அதை மூன்று சாட்சியாக எண்ண வேண்டாம். ஒவ்வொருவரிடமும் "நீங்கள் கண்டதா, யாரும் சொன்னதா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மூவரும் ஒரே ஒலிப்பதிவில் போய் நிற்பார்கள்.

எத்தனை கதவு, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு என்பதை நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளரிடம் கேட்க வேண்டும். வவுணதீவில் இருக்கிற மச்சானிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. அவர் வாசலில் தண்ணீர் முழங்காலளவா, இடுப்பளவா என்பதற்குத்தான் அவர் சாட்சி. "2 அடி" என்று பதில் வந்தால் விடாதீர்கள். கதவு உயர்ந்ததா, குளத்தின் நீர்மட்டம் ஏறியதா? ஒவ்வொரு கதவுமா, எல்லாம் சேர்த்தா? இந்த இடத்தில்தான் செய்தி புரளும்.

மழைவீழ்ச்சியில் 'நேற்று' என்ற சொல் ஆபத்து. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.

பாதிக்கப்பட்டோர் தொகை வந்ததும் ஆட்களைக் குடும்பங்களால் வகுத்துப் பாருங்கள். 3, 4 அளவில் வரவேண்டும். 412 குடும்பம், 14,300 பேர் என்றிருந்தால் வீட்டுக்கு 35 பேர்: எங்கோ ஒரு பூச்சியம் கூடிவிட்டது. பிரதேச செயலகத்தில் திரும்பக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

ஊர்ப்பெயரில் அவசரம் கூடாது. 'மண்முனை' என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. அந்தப் பெயரில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு: மண்முனை வடக்கு மட்டக்களப்பு நகர், மண்முனைப்பற்று ஆரையம்பதி, மண்முனை மேற்கு வவுணதீவு. துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டம், பக்கத்துப் பெரியநீலாவணை அம்பாறை மாவட்டம். அம்பாறை 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய மட்டக்களப்புப் புள்ளிவிபரத்தை இன்றையதோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

வட்சப்பில் படமாக வந்தால் எடுத்த நேரமும் இடமும் கழன்றிருக்கும். எடுத்தவரிடம் மூலக் கோப்பை டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கூகுள் லென்ஸில் பழைய பிரதி அகப்படவில்லை என்பதற்காக அது புதிய படமாகிவிடாது; கடைப் பலகை, மின்கம்பம், பாலத்தின் கைபிடி என்று பார்த்து இடத்தை உறுதிசெய்யுங்கள்.

இறந்தவரின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு, குடும்பத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று பொலிஸில் அறிந்த பிறகே போடுங்கள். தொகை எதுவானாலும் பக்கத்தில் "பிற்பகல் 4 மணி நிலவரப்படி" என்று நேரம் நிற்கட்டும்.