புது ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய காரோடு ஒப்பிடுவது எப்படி?

என்னிடம் இதற்கு முன் இரண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 (கூரையைத் திறக்கக்கூடிய, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்) இருந்தன. முதலாவது, 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை. கண் விழிப்பது போல முன்விளக்குகள் மேலே எழும்புமே, அது. அடுத்தது 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறை. இப்போது நான்காம் தலைமுறை, 2 லிட்டர். "எது நல்லா இருக்கு?" என்று யார் கேட்டாலும் பதில் தடுமாறியது. அதனால் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறு எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்த முறை பொருந்தும்.

படி 1: புது வண்டியைத் தொடும் முன் பழையதைப் பற்றி எழுதுங்கள்

கிளட்ச் எவ்வளவு கனம், கியர் எப்படி விழும், நெடுஞ்சாலையில் எவ்வளவு சத்தம் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். குறைகளையும் சேர்த்தே எழுதுங்கள். பிரிந்துபோன வண்டியின் நல்ல நாட்கள்தான் நினைவில் நிற்கும். என் பழைய வண்டிகளில் துணிக்கூரையின் தண்ணீர் வடிகால் துளை அடைத்துக்கொள்ளும். நீர் உள்ளே தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள அடிப்பகுதி துருப்பிடிக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் இங்கிலாந்தில் இது பெரிய தலைவலி. எழுத உட்கார்ந்தபோதுதான் அதெல்லாம் நினைவுக்கு வந்தது.

படி 2: எடைக்கு எவ்வளவு சக்தி என்று பாருங்கள்

குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள். முதல் தலைமுறை 1.6 லிட்டருக்குச் சுமார் 115 குதிரைத்திறன், எடை 950 கிலோவை ஒட்டி. இப்போதைய 2 லிட்டருக்கு 2018-இல் எஞ்சினை மேம்படுத்திய பின் சுமார் 180, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். வகுத்துப் பார்த்தால் பிக்கப் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பது புரியும்.

படி 3: பழைய வண்டியின் வயதைக் கழியுங்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். இருபது வருடம் ஓடிய வண்டியில் சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் தளர்ந்திருக்கும், ஷாக் அப்சார்பர் சோர்ந்திருக்கும். "பழையது மெத்தென்று இருந்தது" என்று நாம் சொல்வது வெறும் தேய்மானமாக இருக்கலாம். முடிந்தால், நன்றாகப் பராமரித்த அதே மாடல் ஒன்றை நண்பரிடம் கேட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

படி 4: டயர்

டயரில் காற்று சரியாக இல்லாமல் ஸ்டீயரிங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். முதல் தலைமுறைக்கு 26 பிஎஸ்ஐ, நான்காம் தலைமுறைக்கு 29. டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

படி 5: ஒரே சாலை, ஒரே நேரம்

பழைய வண்டியில் மனப்பாடமான சாலையையே தேர்ந்தெடுங்கள். என்னுடையது வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில், வளைவும் ஏற்றமும் நிறைந்தது. ஞாயிறு விடியற்காலையில் போவேன். ரேடியோ வேண்டாம், கூரையைத் திறந்துவிடுங்கள். வேக வரம்புக்குள்ளேயே ஓட்டுங்கள். இந்த வண்டிகள் மெதுவாகப் போகும்போதும் பேசும்.

மூன்று சுற்று போங்கள். முதல் சுற்றில் கைகளை மட்டும் கவனியுங்கள்: சாலையின் சொரசொரப்பு ஸ்டீயரிங் வழியே வருகிறதா? இரண்டாவதில் இடுப்பு: வளைவில் பின்சக்கரம் என்ன செய்கிறது என்று சீட் சொல்கிறதா? மூன்றாவதில் கால்கள்: பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கிடைக்கிறது? எல்லாவற்றையும் ஒரே சுற்றில் கவனிக்கப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பின் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு வரி எழுதிவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

இப்போதைய மாடலில் ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார் உதவுகிறது. முதல் நாள் "கைக்கு ஒன்றுமே வரவில்லை" என்று எழுதினேன். கியர் மாற்றம் மட்டும் அப்படியே இருந்தது: மணிக்கட்டை அசைத்தால் போதும், டக்கென்று விழும். அதை உணர்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படி 6: ஒரு மாதம் கழித்து மறுபடியும்

புது எஞ்சினை முதல் 1,000 கிலோமீட்டர் வரை விரட்டக் கூடாது. ஆகவே முதல் வாரத் தீர்ப்பு அரைகுறைதான். அது முடிந்ததும் அதே சாலைக்குப் போய், பழைய குறிப்பைப் படிக்காமல் புதிதாக எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் இரண்டாவது குறிப்பில் ஸ்டீயரிங் வரி இப்படி மாறியிருந்தது: "கைக்கு வருவது குறைவுதான். ஆனால் நினைத்த இடத்தில் மூக்கு திரும்புகிறது."