பழைய பெடல் ஸ்டீல் கிட்டார்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கைவாட்டில் வைத்து, எஃகுத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி, பெடலை மிதித்துச் சுருதியை மாற்றி வாசிக்கும் கருவி பெடல் ஸ்டீல் கிட்டார். அதன் பழைய தயாரிப்புகளில் எம்மன்ஸ் உயர்ந்ததா, ஷோ-பட் உயர்ந்ததா என்று வாதாடுபவர்களில் பலர் இரண்டையும் ஒரே அறையில், ஒரே ஆம்ப்ளிஃபயரில் வாசித்துப் பார்த்தவர்கள் அல்லர். இசைத்தட்டைக் கேட்டே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். ஷோ-பட் வாசித்த ஸ்டீல் கிட்டார் கலைஞர் லாயிட் கிரீனின் தட்டில் நாம் முதலில் கேட்பது அவருடைய கையை. தந்தியை அவர் மீட்டும் இடம், உள்ளங்கையால் ஒலியை அடக்கும் விதம், வால்யூம் பெடலை மிதிக்கும் நிதானம் எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதே கிட்டாரின் குரல்.

இரண்டு பெயர்களும் ஒரே வேரில் கிளைத்தவை. ஸ்டீல் கிட்டார் கலைஞர்களான ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து 1950களில் நாஷ்வில்லில் தொடங்கியது ஷோ-பட். பிறகு எம்மன்ஸ் பிரிந்துபோய், 1960களில் அவர் பெயரிலேயே கிட்டார்கள் வந்தன. அந்த எம்மன்ஸின் புஷ்-புல் அமைப்பில் சுருதியை ஏற்ற ஒரு கம்பி இழுக்கும். இறக்க இன்னொன்று தள்ளும். பின்னாளில் பரவலான ஆல்-புல் அமைப்பில் இரண்டுக்குமே இழுப்புதான். புஷ்-புல்லைச் சுருதி சேர்க்கத் தனி வரிசை உண்டு. அதை அறியாமல் கண்ட திருகைத் திருப்பிவிட்டு, "இதில் சுருதி நிற்காது" என்று கிட்டாரைப் பழிப்பது நியாயமா?

இயக்கத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. தந்திகளை வழக்கமாகச் சேர்க்கும் இ9 என்ற சுருதி அமைப்பில் நான்காம் தந்தி 'இ' சுரம். சுருதியை முள்ளால் காட்டும் டியூனரைப் பார்த்தபடி அதை மட்டும் மீட்டுங்கள். இப்போது முதல் இரண்டு பெடல்களையும் சேர்த்து மிதியுங்கள். இந்தப் பெடல்கள் நான்காம் தந்தியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் முள் சற்றுக் கீழே சரியும். மற்றத் தந்திகளின் இழுவிசை கூடியதால் கிட்டாரின் உடல் வளைகிறது. ஓரிரு சென்ட் சரிந்தால் கவலையில்லை (அரைச் சுரம் 100 சென்ட்). அதிகம் சரிந்தால் பெடலை மிதிக்கும்போதெல்லாம் காது உறுத்தும். அடுத்து ஆறாம் தந்தியின் சுருதியை ஏற்றிப் பழையபடி விடுங்கள், பிறகு இறக்கிப் பழையபடி விடுங்கள். இரண்டு முறையும் முள் ஒரே இடத்துக்குத் திரும்புகிறதா? இந்த இரண்டையும் பார்க்காமல் "இயக்கம் அருமை" என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சு.

பெடல் கனமாக இருந்தால் உடனே வடிவமைப்பைக் குறை சொல்லாதீர்கள். பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கலாம். துடைத்துப் புது எண்ணெய் இட்டபின் மறுபடி மிதித்துப் பாருங்கள். துருப்பிடித்த தந்தியோடு ஒரு கிட்டாரையும் புதுத்தந்தியோடு இன்னொன்றையும் வைத்து ஒலியை ஒப்பிடுவதும் இதே ரகம்.

ஃபெண்டர் 400 என்ற பழைய பெடல் ஸ்டீலைப் பத்துத் தந்திக் கிட்டாரோடு நிறுத்தி மட்டம் தட்டுவதும் சரியல்ல. அதற்கு எட்டே தந்திகள், பெடலோடு இணைப்பது கேபிள். ஸ்டீல் கலைஞர் ஸ்னீக்கி பீட் கிளைனோ அதில் வாசித்ததை வேறொன்றில் வாசிக்க முயன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.